கசப்புக்கு மதிப்பெண்

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன பீர் கடை. சனிக்கிழமை மாலை. நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் குவளை, ஒரு தாள், ஒரு பென்சில். தாளில் ஐந்து கட்டங்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அனுபவத்துக்கு 10. கூட்டினால் 50. அன்றைக்குக் கடைசியாக வந்தது கலிபோர்னியாவிலிருந்து இறக்கிய ஒரு டபுள் ஐபிஏ. எட்டு சதவீத ஆல்கஹால். ஒரு வாய் குடித்துவிட்டு சுவைக் கட்டத்தில் 'கசப்பு' என்று எழுதினேன். அதற்கப்புறம் பென்சில் நகரவில்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு போன அண்ணன் இந்த மாதிரிக் கூட்டங்களில் பழகியவர். என் தாளை எட்டிப் பார்த்தார். "எந்த மாதிரி கசப்பு தம்பி? அதத்தானே எழுதணும்" என்றார். பிறகு, ஐபிஏ மேசைக்கு வந்தால் உலகத்தின் எல்லா பீர் கடைகளிலும் யாராவது ஒருத்தர் சொல்லியே தீரும் கதையை அவரும் சொன்னார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் போன பீரெல்லாம் வழியிலேயே புளித்துப் போச்சு. ஹாட்சன் என்று ஒரு ஆள் யோசித்தான். ஆல்கஹாலைக் கூட்டினான், ஹாப்ஸை அள்ளிப் போட்டான். பீர் கெடாமல் போய்ச் சேர்ந்தது. அதுதான் இந்தியா பேல் ஏல்.

நல்ல கதை. ஆனால் பெரும்பகுதி நடக்கவில்லை. அந்தக் கதையைச் சரிபார்க்கப் போய்த்தான் என் தாளில் இருந்த காலிக் கட்டத்துக்கும் இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய வணிகத்துக்கும் ஒரு தொடர்பு இருப்பதைக் கண்டேன்.

முதலில் ஹாப்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. அதன் பெண் பூ, பச்சை நிறத்தில், குட்டிப் பைன் காய் மாதிரி செதில் செதிலாக இருக்கும். செதிலைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள். பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அந்தத் தூளில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் நேரடியாகக் கசப்பதில்லை. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புச் சாற்றோடு ஒரு மணி நேரம் கொதித்தால் அவற்றின் உருவம் மாறுகிறது. அப்புறம்தான் கசப்பு. அந்தக் கசப்பு சில பாக்டீரியாக்களை வளரவிடாது, பீரைப் புளிக்கவிடாது. ஆகவே பீர் கடைக் கதையில் கால்வாசி உண்மை உண்டு. வெயில் நாட்டுக்கு அனுப்புகிற பீரில் ஹாப்ஸைக் கூட்டிப் போடச் சொல்லி 18ஆம் நூற்றாண்டு பீர் கையேடுகளே அறிவுரை சொல்லியிருக்கின்றன. அது எல்லோருக்கும் தெரிந்த தொழில் புத்தி. ஒருத்தர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டிய சங்கதியில்லை.

ஜார்ஜ் ஹாட்சன் 1752இல் லண்டனின் கிழக்கே 'போ' என்ற இடத்தில் பீர் காய்ச்சத் தொடங்கினார். லண்டனில் அவரைவிடப் பெரிய ஆலைகள் ஏகப்பட்டது இருந்தன. அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் இடம்தான். லீ ஆற்றோடு கொஞ்சம் கீழே போனால் பிளாக்வால். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறை. கம்பெனிக் கப்பலின் கேப்டன்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ளும் சலுகை இருந்தது. பன்றித் தொடை, சீஸ், கண்ணாடிச் சாமான், தொப்பி, பீர் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போய் கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் விற்று லாபம் பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்த ஹாட்சன் அவர்களுக்கு ஒன்றரை வருஷம் வரை கடன் கொடுத்தார். போய், விற்று, திரும்பி வந்து காசு கொடுத்தால் போதும். நம்ம ஊர் மளிகைக் கடை 555 நோட்டுப் புத்தகக் கணக்கு மாதிரிதான்.

அந்த பீரும் புதுசில்லை. பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் பழைய விளம்பரங்களையும் ஆவணங்களையும் தோண்டியெடுத்து இதைத் தெளிவாக்கியிருக்கிறார். இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் புது அறுவடை பார்லியையும் புது ஹாப்ஸையும் வைத்து 'அக்டோபர் பீர்' என்று ஒன்றைக் காய்ச்சுவார்கள். வெளிர் நிறம், நல்ல கசப்பு. பீப்பாயில் ஒன்றிரண்டு வருஷம் கிடந்தால்தான் குடிக்கவே பதம். இந்த வகை பீர் கப்பலில் ஏறியது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, நாலு முதல் ஆறு மாதம் கழித்துக் கரை சேரும். கப்பலடியில் உருண்டு, சூடாகி, ஆறி, மறுபடி சூடான அந்த பீர், பண்ணை வீட்டு நிலவறையில் இரண்டு வருஷத்தில் அடையும் பக்குவத்தைச் சில மாதங்களில் அடைந்துவிட்டது. 1784இல் கல்கத்தா கெஜட்டில் பேல் ஏல் விளம்பரம் வருகிறது. அப்போதெல்லாம் அதற்கு 'இந்தியா' என்ற அடைமொழிகூட இல்லை. 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் கிடைப்பது 1829இல், அதுவும் சிட்னி பத்திரிகை விளம்பரம் ஒன்றில்.

கதையை முழுசாகக் கவிழ்த்துவிடும் சங்கதி இன்னொன்று உண்டு. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் இந்தியாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, கெடாமல். அதை வாங்கியது ராணுவம், சாதாரண வெள்ளைச் சிப்பாய்களுக்காக. வெளிர் பீரைக் குடித்தவர்கள் கம்பெனியின் சிவில் அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள், வணிகர்கள். கடல் தாங்குவதுதான் பிரச்சினை என்றால் பேல் ஏல் தேவையே இல்லை. அது விற்றதற்குக் காரணம், கையில் காசு இருந்தவனுக்கு அந்த வெயிலில் அதுதான் பிடித்தது என்பதே. கடலைவிட நாக்குதான் அந்த பீரை உண்டாக்கியது. அதிகாரமுள்ள நாக்கு.

இதை நன்றாகக் காட்டுவது 1822இல் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம். அதற்குள் ஹாட்சன் ஆலை அடுத்த தலைமுறையின் கைக்குப் போயிருந்தது. அவர்களுக்குப் பேராசை. விலையை ஏற்றினார்கள், கடனை நிறுத்தினார்கள், கேப்டன்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே இந்தியாவுக்கு பீர் அனுப்ப ஆரம்பித்தார்கள். கம்பெனி இயக்குநர் கேம்பல் மார்ஜரிபேங்க்ஸுக்குக் கோபம். அவர் பர்ட்டன் ஊரின் பீர் உற்பத்தியாளர் சாமுவேல் ஆல்சப்பை லண்டனில் விருந்துக்கு அழைத்தார். ஆல்சப் ரஷ்யாவுக்கு இனிப்பான கனத்த பீரை விற்றுவந்தவர். ரஷ்யா தீர்வையை உயர்த்தியதால் அந்தச் சந்தை போய்விட்டது. இந்தியாவுக்கு அனுப்பேன் என்று மார்ஜரிபேங்க்ஸ் ஒரு ஹாட்சன் பாட்டிலை முன்னால் வைத்தார். ஆல்சப் அதை ஊருக்கு எடுத்துப் போய்த் தன் மால்ட் நிபுணர் ஜாப் குட்ஹெட்டிடம் கொடுத்து, இதே மாதிரி முடியுமா என்று கேட்டார். குட்ஹெட் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிக் காட்டினாராம். 1853இல் வெளிவந்த ஒரு புத்தகம் இப்படித்தான் சொல்கிறது. முப்பது வருஷம் கழித்து எழுதப்பட்ட, பர்ட்டன் ஊருக்குச் சாதகமான புத்தகம். கெண்டியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வேலை நடந்த விதம் நம்பக்கூடியது. ஒரு பாட்டிலை மாதிரியாக வைத்து, குடித்துப் பார்த்து, காய்ச்சி, மறுபடி குடித்துப் பார்த்து, அனுப்பி, அங்கிருந்து என்ன பதில் வருகிறது என்று காத்திருப்பது. லண்டனிலிருந்து போய்த் திரும்பப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷத்துக்கு ஒருமுறை திருத்தப்படும் மதிப்பெண் தாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆல்சப்புக்கு இன்னொரு அதிர்ஷ்டம் காலடியில் இருந்தது. பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அதிலுள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைத் தீட்டிவிடும். கசப்பு சுருக்கென்று வரும், இழுத்துக்கொண்டு நிற்காமல் உலர்ந்து முடியும். லண்டன் தண்ணீரில் அது வராது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பர்ட்டனின் ஆல்சப்பும் பாஸும் ஹாட்சனை ஓரங்கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் ஐபிஏ காய்ச்சுகிற பலர் தண்ணீரில் ஜிப்சம் கலக்கிறார்கள். அதற்குப் 'பர்ட்டனைஸ்' பண்ணுவது என்றே பெயர். பாஸின் சிவப்பு முக்கோணம்தான் 1876இல் பிரிட்டனில் பதிவான முதல் வணிக முத்திரை. 1882இல் மனே வரைந்த ஃபோலி பெர்ஜேர் மதுக்கூட ஓவியத்தில் இரண்டு ஓரங்களிலும் அந்த பாட்டில் நிற்கிறது. ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலைக் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் கவனித்ததில்லை.

இந்தக் கதையில் இந்தியர்கள் எங்கே? இருக்கிறார்கள். துறையில் பீப்பாய் உருட்டினார்கள். வீட்டில் 'ஆப்தார்' என்று ஒரு வேலைக்காரர். பானங்களைக் குளிர வைப்பதுதான் அவர் வேலை. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் ஜில்லென்று ஆகும். அதில் பாட்டிலை அமிழ்த்திச் சுழற்றிக்கொண்டே இருப்பார். 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஐஸ் கப்பல் வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் அந்த அமெரிக்க ஐஸைப் போட்டு வைக்கக் கட்டியதுதான். அங்கே ஐஸ் சுமந்தவர்களும் நம்ம ஆட்கள்தான். பீர் சரியான பதத்தில் எஜமானின் நாக்கைத் தொட வேண்டும் என்பதற்காக இத்தனை கைகள் உழைத்தன. ஆப்தாரிடம் யாராவது, "எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பார்களா? இதைப் பிறகு தொடுகிறேன்.

அடுத்த நூற்றாண்டின் கதையை வேகமாகக் கடந்துவிடலாம். ஜெர்மானிய லாகர் உலகத்தை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் வரியும் போரும் பீரை மெலிய வைத்தன. ஐபிஏ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. இன்றைக்கும் அங்கே கிரீன் கிங் ஐபிஏ என்று கேட்டால் நாலு சதவீதத்தைக்கூடத் தொடாத, சாதுவான ஒரு பீர்தான் கிடைக்கும். சும்மா சொல்லக்கூடாது, மதியச் சாப்பாட்டோடு நன்றாகவே போகும். ஆனால் சிவில் அதிகாரிகள் சண்டை போட்டு வாங்கிய சரக்கு அதுவல்ல.

மறுபிறப்பு அமெரிக்காவில். ஓரிகனில் அரசு ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த கேஸ்கேட் என்ற ஹாப் ரகம் 1972இல் வெளிவந்தது. ஐரோப்பிய ஹாப்ஸ் மூலிகையும் மண்ணும் பூவுமாக மணக்கும். கேஸ்கேடோ பம்பளிமாஸ் தோலைக் கிள்ளின மாதிரி மணந்தது. பெரிய நிறுவனங்கள் இதைக் கண்டு கொஞ்சம் பயந்தன. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் லிபர்ட்டி ஏலில் அதைத் தைரியமாகப் போட்டது. 1980இல் சியரா நெவாடா பேல் ஏல் வந்தது. 1994இல் தெற்குக் கலிபோர்னியாவின் பிளைண்ட் பிக் ஆலையில் வின்னி சிலுர்ஸோ முதல் பீரைக் காய்ச்சப் போனார். பழைய சாமான்கள், சிலது பிளாஸ்டிக். பீரில் ஏதாவது வேண்டாத வாடை ஏறிவிடும் என்ற பயம். எதற்கும் இருக்கட்டும் என்று ஹாப்ஸை இரட்டிப்பாக்கினார், மால்ட்டையும் கூட்டினார். டபுள் ஐபிஏ என்ற வகை அங்கிருந்துதான் கிளம்பியது என்பார்கள். ஒரு குறையை மறைக்க ஊற்றிய கசப்பு. எனக்கு இந்தக் கதை ஹாட்சன் கதையைவிட ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் காய்ச்சினவரே தன் வாயால் சொன்னது.

சிலுர்ஸோ பிறகு ரஷ்யன் ரிவர் ஆலையில் செய்த 'பிளைனி தி எல்டர்' இந்த வகைக்கே அளவுகோலானது. பெயர் ரோமானியர் பிளைனியுடையது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். ஹாப்ஸ் கொடியைப் பற்றி எழுதிய ஆரம்பகால ஆட்களில் ஒருவர் என்று சொல்லப்படுபவர். அந்த பாட்டிலின் லேபிளில் குடிப்பவருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும்: சேர்த்து வைக்காதே, சூட்டில் வைக்காதே, உடனே குடி. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய ஐபிஏவுக்குப் பெருமை, ஆறு மாதம் சூட்டில் கிடந்து பக்குவமானது. புது ஐபிஏவுக்குப் பெருமை, நேற்று டப்பாவில் அடைத்தது. பழைய பீரில் மதிப்பெண் வாங்கியது கசப்பின் முதிர்ச்சி. புது பீரில் மணத்தின் இளமை. அந்த மணத்தைத் தரும் எண்ணெய்கள் ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாகிவிடும். அதனால் இப்போது ஹாப்ஸைக் கொதியின் கடைசியிலும், நொதித்து முடிந்த குளிர்ந்த பீருக்குள்ளும் கொட்டுகிறார்கள். நம் வீட்டில் ரசத்தை இறக்கிவிட்டுக் கொத்தமல்லி தூவுவது எதற்கோ, அதற்குத்தான்.

ஆக, கடல் தாண்டவே பிறந்ததாகக் கதை சொல்லப்படும் பீரைக் கடல்தான் கொல்கிறது. கலிபோர்னியாவில் கப்பலேறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்துக்குக் காத்திருந்து, குளிரூட்டாத ஏதோ ஒரு கிடங்கில் கிடந்து என் குவளைக்கு வந்த அந்த டபுள் ஐபிஏவின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட ஹாட்சன் கப்பலின் காலக்கணக்கு.

சரி, எப்படி ருசி பார்ப்பது? அண்ணன் சொல்லிக் கொடுத்த வரிசை இது. ஊற்றின உடனே மணத்தைப் பார், மூணு நாலு நிமிஷத்தில் பாதி போய்விடும். குட்டையாக முகர், நீளமாக இழுக்காதே, மூக்கு மரத்துப் போகும். பிறகு வெளிச்சத்துக்குக் காட்டு. நிறம், தெளிவு, நுரை நிற்கிறதா என்று பார். பிறகு ஒரு வாய், நாக்கு முழுக்கப் படர விட்டு விழுங்கு. வைன்காரர்கள் மாதிரி துப்பக் கூடாது. கசப்பு விழுங்கின பிறகும் ஏறிக்கொண்டே போகும். அது எப்படி அடங்குகிறது என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது. அடுத்த பீருக்கு முன்னால் உப்பில்லாத பிஸ்கட், தண்ணீர். கசப்பான பீரைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். முதலில் வைத்தால் பின்னால் வருகிற எல்லாம் செத்துவிடும்.

கசப்புக்கு எண்ணும் உண்டு. ஐபியு என்பார்கள். ஒரு லிட்டரில் கொதித்து உருமாறிய அந்த அமிலம் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருந்தால் ஒரு ஐபியு. நடுவர்களின் 2021 கையேட்டில் டபுள் ஐபிஏவுக்கு 60 முதல் 100 வரை, ஆல்கஹால் 7.5 முதல் 10 சதவீதம் வரை. சாதாரண லாகர் இருபதைத் தாண்டினாலே அதிகம். ஆனால் எண் ஏமாற்றும். இனிப்பு மிச்சமிருந்தால் 80 கூட மெதுவாகத் தெரியும். உலர்ந்த பீரில் 50 கூடக் கத்தும். அதனால்தான் கருவி இருந்தும் நாக்கு தேவைப்படுகிறது. சொற்களும்.

சொற்கள் என்றதும் அண்ணன் அவர் தாளைக் காட்டினார். முழுக்க ஆங்கிலம். கிரேப்ஃப்ரூட், பைன், ரெசின், டாங்க், ஹாட். என் அகராதியை நான் துழாவிப் பார்த்தேன். தமிழில் கசப்புக்குக் குடும்பமே இருக்கிறது. பாகற்காய்க் கசப்பு நாக்கில் உட்கார்ந்து சீக்கிரம் எழுந்து போய்விடும். சுண்டை வற்றல் கசப்பில் வறுத்த வாசனை இருக்கும். வேப்பம்பூவில் கொஞ்சம் தேன். நார்த்தங்காய்க் கசப்பில் தோல் எண்ணெய். மோசமாகக் காய்ச்சின ஐபிஏ அடித்தொண்டையைச் சுரண்டும். அதற்கு ஆங்கிலத் தாளில் 'ஹார்ஷ்' என்று ஒரு பொதுச்சொல். நாம் கருணைக்கிழங்கு தின்றே கற்றுக்கொண்ட சொல் இருக்கிறது: காறல். ஆல்கஹாலின் சூட்டுக்குக் காட்டம். துவர்ப்பு தனிச் சுவையாகவே நம்மிடம் இருக்கிறது. அப்புறம் ஏன் பென்சில் நகரவில்லை?

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச முடியாது. அவர் முன்னால் பீர் என்ற சொல்லே ஆகாது. பேராக் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா கள் குடித்து அழிந்த கதைகளோடு வளர்ந்தவர். துரை கிளப்பில் ஐஸ் போட்டுக் குடிக்க, லயத்து ஆள் சாயங்காலம் கள்ளுக்கடை வரிசையில் டின் குவளையோடு நின்ற காலம் அது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த சம்பளத்தை அதே வளாகத்தில் திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாடு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். துரையைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கூடவே, கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். ராணுவம் வந்து சுட்டது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. கள்ளை ஒழிப்பது அன்றைக்கு மானப் பிரச்சினை. அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அதை பீர் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் ஒருநாள், தாத்தாவைப் பற்றி வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவே சொன்னார்: "உன் தாத்தா வாங்கினதும் குடிச்சிர மாட்டாரு. மொதல்ல மோந்து பாப்பாரு. ஒரு வாய் வச்சிட்டு, இது காலைல எறக்குனது இல்ல, நேத்துக் கள்ளுல கலந்திருக்கான்னு திட்டுவாரு. தண்ணி ஊத்தியிருந்தாலும் கண்டுபிடிச்சிருவாரு." அம்மா இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு குடிகாரனின் நுணுக்கமாகத்தான் சொன்னார். எனக்கோ அந்த மேசையும் தாளும் ஞாபகம் வந்தது.

கள் ருசி பார்ப்பதற்கு எளிதான பானம் அல்ல. இறக்கினதும் இனிப்பு, உடனே காற்றில் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். மத்தியானத்தில் இனிப்பும் புளிப்பும் சரிபாதி, சாயங்காலம் புளிப்பு, மறுநாள் காடி. ஒவ்வொரு மணி நேரமும் ஒரு வேறு பானம். இதைப் பிரித்தறிகிற மூக்குகள் தோட்டம் முழுக்க இருந்தன. கல்கத்தாவின் சிவில் அதிகாரி 'போன கப்பல் பீர் மாதிரி இல்லை' என்று சலித்துக்கொண்டால் அது கடிதமாகி, ஒரு வருஷம் கழித்து பர்ட்டனில் தண்ணீரும் ஹாப்ஸும் மாறும். தாத்தா திட்டினால் அது வரிசையிலேயே கரைந்துவிடும். அவரைப் பற்றிக் கணக்கில் ஏறியதெல்லாம் அளவுதான். எத்தனை பைண்ட், எத்தனை காசு, மறுநாள் வேலைக்கு வந்தானா இல்லையா. எப்படி இருந்தது என்பதற்கு யாரிடமும் கட்டம் இல்லை. தோட்டக் கணக்கில் இல்லை, கள்ளை ஒழிக்கப் போராடினவர்களிடமும் இல்லை. அவர்களுக்கு அப்போது அது தேவையும் படவில்லை.

ரொம்பப் பின்னால் போனால் நிலைமை வேறு. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வீட்டு மது காய்ச்சும் முறை வருகிறது. அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆற வைத்து, நொதிக்க வைக்கும் அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு வலிய வாயுள்ள சாடியில் விட்டுவிடுவார்கள். அது முற்றியதைச் சொல்லும் இடத்தில் 'வழைச்சு' என்று ஒரு சொல். பதம் வராத இளசுத்தன்மை, அது போக வேண்டும் என்பது குறிப்பு. இன்றைய பீர் நடுவர்களும் இதையே தேடுகிறார்கள். அவசரப்பட்டு அடைத்த பீரில் பச்சை ஆப்பிளை நறுக்கின வாடை வரும், அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக யாரோ ஒரு பெண் சாடியைத் திறந்து, முகர்ந்து, இன்னும் ஆகலை என்று மூடியிருக்கிறாள். அவள் தீர்ப்புக்கு ஒரு சொல் இருந்தது, அது எழுத்திலும் ஏறியது. தாத்தாவின் தீர்ப்பு அம்மாவின் வாயில், அதுவும் புகாராக மட்டுமே மிஞ்சியது.

சிங்கப்பூரில் 1997இல் பிரூவெர்க்ஸ் ஆற்றங்கரையில் தன் பீரைக் காய்ச்சி விற்கத் தொடங்கியது. அங்கே போனால் வாரக்கடைசியில் தமிழ் நண்பர்கள் பலரைப் பார்க்க முடிந்தது. நல்ல வேலை, நல்ல சட்டை, 'ஹாப்பி'யா இருக்கா, 'ஜூஸி'யா இருக்கா என்று பேச்சு. ஹாப்பி என்றால் இங்கே ஹாப்ஸ் மிகுந்தது, சந்தோஷம் இல்லை. இரண்டும் சேர்ந்து வரும் நாளும் உண்டு. பழக்கத்தால் நானும் அந்தக் கூட்டம்தான். நாங்கள் குடிப்பது ரசனை, தாத்தா குடித்தது பழக்கம் என்று பிரித்துக்கொள்வது எங்களுக்கு வசதி. எட்டு சதவீத டபுள் ஐபிஏ ஒரு பைண்ட் உள்ளே போனால் தாத்தாவின் கள்ளைவிட ஈரலுக்கு நல்லது என்று யாரும் சொல்ல முடியாது. எங்களுக்கு இருந்து அவருக்கு இல்லாமல் போனது ஒரு தாளும் பென்சிலும், கேட்பதற்கு ஓர் ஆளும்.

போன மாதம் மறுபடி அதே கடைக்குப் போனேன். அதே டபுள் ஐபிஏ, இந்தத் தடவை அடைத்து ஏழு வாரம். இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டேன். தாளில் எழுதியது:

மணம்: பம்பளிமாஸ் தோல், பழுத்த மாம்பழத்தின் காம்புப் பக்கம், ஊசியிலைப் பிசின். கடைசியில் லேசாக ஈரத்தாள் வாடை, பயணக் களைப்பு. 9. தோற்றம்: இளந்தேன் நிறம், மெல்லிய மங்கல், நுரை நிற்கிறது. 3. சுவை: முதலில் வறுத்த ரொட்டி இனிப்பு, உடனே நார்த்தங்காய்க் கசப்பு, பிறகு வேப்பம்பூ. நீளமாக இருக்கிறது, ஆனால் சுத்தமாக முடிகிறது. காறல் இல்லை. 16. வாயில்: நடுத்தரக் கனம், விழுங்கும்போது காட்டம் கொஞ்சம் துருத்துகிறது. 3. ஒட்டுமொத்தம்: 7.

மொத்தம் 38. அண்ணன் 36 போட்டிருந்தார். என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "காறல்னா என்ன?" என்று பக்கத்தில் இருந்த சீன நண்பர் கேட்டதற்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. பேசாமல், அடுத்த வாரம் கருணைக்கிழங்கு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.